இடப்பக்கத்து ரப்பர்

மார்ச் 3

கோந்துக்கு,

இது சமாதானக் கடிதம் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் குரலைக் கேட்கமாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். அதனால்தான் போன் செய்யாமல் எழுதுகிறேன். என் மட்டைக்கு ரப்பர் வேண்டும். விளையாட்டுச் சாமான் கடைகள் எத்தனையோ இருந்தும், என்னைப் போலச் சுவராக நின்று தடுத்து ஆடுகிறவளுக்கு எந்த ரப்பர் பொருந்தும் என்று தெரிந்து ஒட்டிக் கொடுக்கிறவன் நீ ஒருவன்தான். நீயே எனக்குத் தம்பியாகவும் பிறந்து தொலைத்தது என் தலையெழுத்து.

விஷயம் இதுதான். பேக்ஹேண்ட் போய்விட்டது. போன வருஷம் நீ ஒட்டிக் கொடுத்த சிவப்பு ரப்பர், அந்த நீளப் பரு வைத்தது, செத்துவிட்டது என்று நினைக்கிறேன். வலப்பக்கம் வருகிற பந்தை மேசைக்கு நன்றாகப் பின்னால் நின்று வெட்டி வெட்டி அனுப்புகிறேன். அதில் ஒரு குறையும் இல்லை. இடப்பக்கம் வந்தால் மட்டும் மட்டையின் ஓரத்தில் படுகிறது, சில நேரம் படுவதே இல்லை.

மே மாதம் கம்பெனிகளுக்கிடையே டேபிள் டென்னிஸ் போட்டி. இந்தத் தடவை ஜெயித்தால் என் டிரைவர் வேலையை நிரந்தரமாக்குவதாக மேனேஜர் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். இத்தனை வருஷம் ஒப்பந்தத்திலேயே இந்தக் கம்பெனி பஸ்ஸை ஓட்டிவிட்டேன். எனக்கு முப்பத்தொன்பது ஆகிறது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லக்கூடிய வயது இல்லை இது.

போன வருஷம் தோற்றுவிட்டு வெளியே வந்து, ரப்பர் சரியில்லை என்று சொன்னேன். என் டீம் பெண்கள் எல்லாரும் நிற்கும்போது நீ என்ன சொன்னாய்? "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." அது இன்னும் என் காதில்தான் இருக்கிறது. ஆகவே பழமொழி வேண்டாம், ரப்பர் மட்டும் அனுப்பு.

மற்றபடி சுகம். பஸ்ஸின் படிக்கட்டுப் பக்கத்துக் கண்ணாடி கேட் தூணில் இடித்து உடைந்துபோனது. தூணை யாரோ நகர்த்தி வைத்துவிட்டார்கள் போல. காலையில் நான் ஏற்றிவருகிற கம்பெனிக் குழந்தைகள் காப்பகத்துப் பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள்.

சுவர்


மார்ச் 10

அன்புள்ள சுவருக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் எதிரில் வாடிக்கையாளர் நிற்பதையே மறந்துவிட்டேன். பழமொழி சொன்னது தப்புதான் அக்கா. எனக்கு வாய் முன்னால் போகும், புத்தி பஸ் பிடித்துப் பின்னால் வரும். நீ போனில் பேசாமல் இருந்த இத்தனை மாதமும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

ரப்பர் விஷயத்துக்கு வருகிறேன். கடையில் சொல்வதையே உனக்கும் சொல்கிறேன், முகம் சுளிக்காதே. அடித்து ஆடுகிறவன் ரப்பரில் வேகம் வாங்க வருவான், தடுத்து ஆடுகிறவன் நேரம் வாங்க வருவான். உனக்குத் தேவை நேரம். சிவப்புப் பக்கத்தில் நீளப் பருவே இருக்கட்டும். பந்து படும்போது பரு மடங்கிக்கொடுத்து, எதிராளி போட்ட சுழலை அவனுக்கே திருப்பி அனுப்பும். அடியில் இருக்கிற ஸ்பாஞ்சை மட்டும் மெல்லிசாக்கியிருக்கிறேன். தடித்த ஸ்பாஞ்ச் பந்தை உதைத்துத் தள்ளும், மெல்லிசு வாங்கி வைத்துக்கொண்டு விடும். வலப்பக்கத்துக் கறுப்பு ரப்பர் வழவழப்பானது, சுழலைப் பிடிக்கும், உன் வெட்டுக்கு அதைவிட நல்லது கிடையாது. அதைத் தொடாதே.

இந்த இடத்தில் ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். பேனா தகராறு, கண்டுகொள்ளாதே. பார்சலில் பசையும் வைத்திருக்கிறேன். காற்று வாங்காமல் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி ஒட்டு.

கண்ணாடியை மாற்றிவிட்டாயா?

கோந்து


மார்ச் 29

கோந்துக்கு,

பார்சல் வந்தது. ஒரு வாரம் ராஜாத்தி மாதிரி ஆடினேன். எங்கள் ஸ்டோர்கீப்பர்தான் தினமும் என்னோடு பயிற்சிக்கு நிற்பவர். அவருக்குக் கை நீளம், வாய் அதைவிட நீளம். அவர் அடித்த பந்தெல்லாம் குட்டிக்கரணம் போட்டு வலையில் விழுந்தது. "உங்க தம்பி என்ன மந்திரிச்சா ஒட்டுறாரு?" என்று கேட்டார். நான் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை, ஆமாம் என்றேன்.

அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. வலப்பக்கம் அருமை, இடப்பக்கம் சொதப்பல். பந்து வலையைத் தாண்டுகிற வரைக்கும் தெரிகிறது. அதற்கப்புறம் எனக்குப் பின்னால் சுவரில் மோதுகிற சத்தம்தான் கேட்கிறது. ஸ்டோர்கீப்பர் நேற்று சிரிக்காமல் சொன்னார்: "நீங்க பந்தைப் பாக்கவே இல்லையே மேடம்." பார்க்காமலா ஆடுகிறேன்? இன்னும் மெதுவான ரப்பர் வேண்டும். ஸ்பாஞ்சே இல்லாதது இருக்குமே, அதை அனுப்பு.

நீ அடித்த வரியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், படிக்க முடியவில்லை. பேனா தகராறு இல்லை என்று மட்டும் தெரிகிறது.

டிரைவர்களுக்கு வருஷா வருஷம் நடக்கிற கண் பரிசோதனையில் பாஸ் பண்ணிவிட்டேன். கடைசி வரியில் இருந்த பொடி எழுத்துவரை படித்தேன். ஒவ்வொரு வரியிலும் முதல் எழுத்தை விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து ஆரம்பிக்கிறேனாம். "என்னம்மா அவசரம், பஸ்ஸு கிளம்பிடுமா?" என்று பரிசோதித்தவர் கேலி செய்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

காலையில் எழுந்தால் தலை கனக்கிறது. தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான்.

சுவர்


ஏப்ரல் 5

அன்புள்ள சுவருக்கு,

ஸ்பாஞ்ச் இல்லாத ரப்பரை அனுப்பியிருக்கிறேன். ஆனால் ஒன்று தெரிந்துகொள். இது மேசைக்குப் பக்கத்தில் நின்று தடுப்பவர்களுக்குத்தான் தோது. பின்னால் போய் வெட்டினால் பலமான அடிக்குத் தாங்காது. இரண்டடி முன்னால் வந்து நில்.

ஒட்டுவதற்கு முன்னால் எனக்காக ஒரு காரியம் செய். ரப்பர் சரியில்லை என்று கடைக்கு வருகிற எல்லாரையும் இதைத்தான் செய்யச் சொல்வேன். உன் பழைய மட்டையைக் கையில் திருப்பிப் பிடித்துக்கொள். சிவப்பு வலப்பக்கம், கறுப்பு இடப்பக்கம். அப்படியே ஆடிப் பார். கோளாறு சிவப்பு ரப்பரில் இருந்தால் அதுவும் சிவப்போடு சேர்ந்து வலப்பக்கம் போய்விடும். இடப்பக்கம் சரியாகிவிடும். என்ன நடக்கிறது என்று எழுது. மழுப்பாமல் எழுது அக்கா.

காலைத் தலைவலி எத்தனை நாளாக? கண் பரிசோதனையில் முதல் எழுத்தை ஏன் விட்டாய்? சும்மாதான் கேட்கிறேன்.

கோந்து


ஏப்ரல் 17

கோந்துக்கு,

நீ சொன்னபடியே திருப்பிப் பிடித்து ஆடினேன். சிவப்பு வலப்பக்கம் வந்ததும் என்ன அழகு தெரியுமா! ஒரு பந்து தப்பவில்லை. அப்படியென்றால் சிவப்பு நல்ல ரப்பர்தான். ஆனால் இடப்பக்கம் போன கறுப்பும் இப்போது பந்தை விடுகிறது. இத்தனை நாள் நன்றாக இருந்த கறுப்பு. ஆகவே நான் கண்டுபிடித்தது, இரண்டுமே பழசாகிவிட்டன. இரண்டையும் புதிதாக அனுப்பு. கறுப்பிலும் கொஞ்சம் மெல்லிசு ஸ்பாஞ்சாகப் பார்.

இந்த வாரமே சரியில்லை. டீத் தம்ளரை முழங்கையால் தட்டித் தட்டி இப்போது எனக்கு எவர்சில்வர் தம்ளரில்தான் கொடுக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை ஒரு சைக்கிள்காரன் பஸ்ஸுக்கு இடப்பக்கம் திடீரென்று முளைத்தான். காப்பகத்து ஆயா கத்தியதால் பிரேக்கை மிதித்தேன். அவன் சக்கரம் மட்டும் கொஞ்சம் நெளிந்தது. மற்றபடி யாருக்கும் ஒன்றும் இல்லை. ஏதோ சந்திலிருந்து பாய்ந்திருப்பான். ஆயாவோ, "அவன் எவ்ளோ நேரமா நம்ம கூடயேதான் வந்துக்கிட்டிருந்தான், நீ பாக்கலையா?" என்கிறாள். அவளுக்கு எப்போதும் எதையாவது ஊதிப் பெரிதாக்க வேண்டும்.

சீக்கிரம் அனுப்பு.

சுவர்


ஏப்ரல் 22

அக்கா,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். வியாபாரம் ஓடவில்லை.

கோளாறு ரப்பரோடு போகவில்லை. இடப்பக்கமே நிற்கிறது. நீ எந்த ரப்பரைக் கொண்டுபோய் அங்கே வைத்தாலும் அது பந்தை விடும். ரப்பருக்கு அதில் பங்கு இல்லை. தூணை யாரும் நகர்த்தவில்லை. சைக்கிள்காரன் சந்திலிருந்து வரவில்லை.

என் கடைக்கு விளையாட வருகிற மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடம் யார் என்று சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். அவர் கையில் இருந்த மட்டையைக் கீழே வைத்துவிட்டார். பொடி எழுத்தைப் படிப்பது வேறு, ஒரு பக்கமே தெரியாமல் போவது வேறு என்றார். அது கண்ணுக்குள் இல்லாமல் தலைக்குள்ளேயும் இருக்கலாமாம். அப்படிப் போகிறவர்களுக்கு அங்கே இருட்டாகக்கூடத் தெரியாதாம். ஒன்றும் இல்லாதது போலவே இருக்குமாம். பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. எனக்கே பயமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

ஒரே ஒரு தடவை பெரிய டாக்டரிடம் போ. அதுவரை பஸ்ஸைத் தொடாதே. லீவு போடு, கால் சுளுக்கு என்று ஏதாவது பொய் சொல்லு.

நீ கேட்ட இரண்டு ரப்பரும் இதோடு இருக்கின்றன. அனுப்பக்கூடாது என்றுதான் நினைத்தேன். அனுப்பாவிட்டால் நீ மறுபடியும் பேச்சை நிறுத்திவிடுவாய். அந்தத் தைரியம் எனக்கு இல்லை. டாக்டரைப் பார்த்துவிட்டு ஒட்டு.

கோந்து


மே 4

தம்பி,

போன வருஷம் சொன்னதையேதான் இப்போதும் சொல்கிறாய். அப்போது பழமொழி, இப்போது டாக்டர். எதுவாக இருந்தாலும் குறை என்னிடம்தான், அப்படித்தானே?

டாக்டரிடம் போனால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாது. "பார்க்கணும்" என்று ஒரு சீட்டில் எழுதினால் போதும், அன்றைக்கே சாவியைப் பிடுங்கிக்கொள்வார்கள். டிரைவருக்குக் கண்ணில் சந்தேகம் என்று பேர் வந்தால் அப்புறம் கழுவவே முடியாது. பஸ் போனால் இந்த விடுதி அறையும் போகும். நான் எங்கே போவேன்? உன் கடை மாடியில் வந்து உட்கார்ந்து, ரப்பருக்குப் பசை தடவிக்கொண்டிருக்கவா?

ரப்பர்களை ஒட்டிவிட்டேன். கையெடுத்துக் கும்பிடலாம் போல இருக்கிறது, பந்து மட்டையில் அத்தனை அமைதியாக இறங்குகிறது. கூடவே நானும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். மேசையின் இடது மூலையையும் தாண்டிப் போய் நின்றுவிடுகிறேன். அப்படி நின்றால் எந்தப் பந்தும் எனக்கு வலப்பக்கம்தான் வந்தாக வேண்டும். அங்கிருந்து ஓடி ஓடி எல்லாவற்றையும் வெட்டுகிறேன். ஸ்டோர்கீப்பர் இப்போது என்னை ஜெயிப்பதே இல்லை. பஸ்ஸிலும் ஆயாவை முன்சீட்டில் உட்கார வைத்துக்கொள்கிறேன், அவளுக்கு வாய் சும்மா இருக்காது, எது வந்தாலும் சொல்லிவிடுவாள்.

அந்த வழி எதற்கு என்று கேட்காதே. எனக்கும் ராத்திரியில் கேட்கத் தோன்றுகிறது, கேட்டுக்கொள்ளாமல் தூங்கப் பார்க்கிறேன்.

16ஆம் தேதி ஒரே நாளில் எல்லா ஆட்டமும் முடிந்துவிடும். மறுநாள் காலை காப்பகத்துப் பிள்ளைகளை மலைமேல் இருக்கிற அணைக்கட்டுக்குக் கூட்டிப் போகிறேன். அதற்கப்புறம் டாக்டரிடம் போகிறேன், சத்தியமாக. நீ 16ஆம் தேதி வா. கண்ணில் படுகிற இடத்தில் நில். ஒரு வார்த்தை பேசக்கூடாது. நீ இருந்தால் போதும்.

சுவர்


மே 16, சாயங்காலம்

தம்பி,

ஜெயித்துவிட்டேன். நீ வரவில்லை.

எனக்கு இருப்பது சந்தோஷமா கோபமா என்று தெரியவில்லை. ஃபைனலில் எதிரே இருபத்திரண்டு வயதுப் பெண். அடி ஒவ்வொன்றும் இடி. நான் வெட்டி அனுப்பிக்கொண்டே இருந்தேன், கடைசியில் பாவம் அழுதுவிட்டாள். மேனேஜர் கை கொடுத்து, திங்கட்கிழமை ஆர்டர் வாங்கிக்கொள்ளச் சொன்னார். ஹால் முழுக்க என் பேரைச் சொல்லிக் கத்தினார்கள்.

ஒவ்வொரு செட் முடிந்தபோதும் உன்னைத் தேடினேன். படிக்கட்டு, கதவு, கூட்டம், எல்லா இடமும் பார்த்தேன். தண்ணீர் பாட்டிலைக் காணாமல் துழாவியபோது யாரோ எடுத்துக் கையில் வைத்தார்கள். ஸ்டோர்கீப்பராக இருக்கும். பெற்ற தாய் இல்லாத வீட்டில் எனக்கென்று இருப்பது நீ ஒருத்தன். பேசாதே என்றுதான் சொன்னேன், வராதே என்று சொல்லவில்லையே.

அதோடு பஸ் சாவியையும் காணோம். துண்டுக்குப் பக்கத்தில் ஸ்டூலின் மேல்தான் வைத்தேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஹாலையே சலித்துவிட்டோம். பரவாயில்லை, மேனேஜரிடம் இன்னொன்று இருக்கிறது, காலையில் வாங்கிக்கொள்கிறேன். பிள்ளைகள் ஏழு மணிக்கே வந்து நிற்பார்கள்.

இதைக் காலையில் தபாலில் போடுவேன். உன் பதில் வேண்டாம்.

அக்கா


மே 17, விடிகிற நேரம்

அக்கா,

இதை உன் விடுதி வாட்ச்மேனிடம் கொடுத்திருக்கிறேன். நீ கீழே இறங்கியதும் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நின்றபடி படிக்காதே, உட்கார்ந்து படி.

நான் வந்திருந்தேன்.

முதல் ஆட்டத்திலிருந்து கடைசி ஆட்டம்வரை இருந்தேன். உன் ஸ்டூலுக்கு இடப்பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றேன், இவ்வளவு பக்கத்தில் நின்றால் எப்படியும் தெரியும் என்று நினைத்து. நீ சொன்னபடி ஒரு வார்த்தை பேசவில்லை. செட் முடிந்து வந்தாய், என் பக்கம் பாதி திரும்பினாய், நான் சிரித்தேன். உன் முகம் என்னை எட்டாமலே வலப்பக்கம் திரும்பிப் போனது. முதலில் கோபம் தீரவில்லை போல என்று நினைத்தேன். அடுத்த செட்டில் கதவைப் பார்த்தாய், கூட்டத்தைப் பார்த்தாய், வலப்பக்கம் முழுக்கத் தேடினாய். என்னைத்தான் தேடுகிறாய் என்று அப்போதுதான் புரிந்தது. தண்ணீர் பாட்டிலை உன் கையில் வைத்தது நான்தான். "தேங்க்ஸ் ஸார்" என்றாய்.

உன் ஆட்டத்தைப் பற்றி என்ன சொல்ல? இத்தனை வருஷம் ரப்பர் விற்றதில் அப்படி ஒரு தடுப்பாட்டத்தை நான் பார்த்ததில்லை. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் நான் செய்தது எனக்குப் புரிந்தது. நான் தேடித் தேடி அனுப்பிய ஒவ்வொரு ரப்பரும் உனக்குக் கொஞ்சம் கொஞ்சம் நேரம் வாங்கிக் கொடுத்திருக்கிறது. அந்த நேரத்தை வைத்துக்கொண்டு நீ உன் நோயை மறைத்தாய், நானும் கூட இருந்து மறைத்தேன். முதல் கடிதத்தில் நான் அடித்த வரி இதுதான்: ரப்பர் கெட்டால் பந்து தப்பான இடத்துக்குப் போகும், மட்டையில் படாமலே போகாது. மார்ச் மாதமே எனக்குத் தோன்றியது. நீ மறுபடி கோபித்துக்கொள்வாய் என்று அடித்துவிட்டேன். கூடவே எடுத்து வந்திருந்த உன் கடிதங்களை நேற்று ராத்திரி வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் இடப்பக்க ஓரம் அகலமாகிக்கொண்டே வருகிறது. கடைசிக் கடிதத்தில் பாதித் தாள் வெறுமையாக இருக்கிறது.

சாவி என்னிடம் இருக்கிறது.

நீ ஸ்டூலின் மேல் வைத்தாய். கடைசி செட்டுக்கு முன்னால், உன் முகத்துக்கு இடப்பக்கமாகவே கையை நீட்டி, மெதுவாகத்தான் எடுத்தேன். நீ பார்க்க வேண்டும், என் கையைத் தட்டிவிட வேண்டும், எல்லார் முன்னாலும் என்னைத் திட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் எடுத்தேன். நீ நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

நேற்று இரவு மேனேஜர் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் முதலில் நம்பவில்லை. ஆயாவைக் கூப்பிட்டு விசாரித்தார், அவள் சைக்கிள்காரனைப் பற்றிச் சொன்னாள். இன்றைக்கு அந்த மலைப்பாதையில் பஸ் போகாது. உன் ஆர்டர் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உன் வேலையை நான்தான் கெடுத்தேன். இனி ஜென்மத்துக்கும் பேசமாட்டேன் என்று நீ சொன்னால், சொல்லு. நீ பழமொழி வேண்டாம் என்றதால், சுவரைப் பற்றியும் சித்திரத்தைப் பற்றியும் நான் ஒன்றும் எழுதவில்லை. எட்டு மணிக்கு டாக்டர் வருகிறார். ஆட்டோ பேசி வைத்திருக்கிறேன்.

வாசல் படிக்கு இடப்பக்கத்தில் இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே வந்ததும் நான் இல்லை என்று நினைத்துவிடாதே. முகத்தை முழுசாகத் திருப்பிப் பார்.

கோந்து